பி.ஜே. பாஸில் பிக்கப் மாற்றுவது: குமுறல் அடங்கி நோட் தெளிவாகக் கேட்க எதை வாங்கலாம்?

நாலு ஸ்ட்ரிங் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது நாலு ஸ்ட்ரிங், 34 இன்ச் ஸ்கேல், பி.ஜே. அமைப்புள்ள பாஸ் கிட்டார். நெக் பக்கம் இரண்டு துண்டாக இருக்கும் பி (ஃபெண்டர் பிரசிஷன் பாஸ் பாணி) பிக்கப், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஜே (ஜாஸ் பாஸ் பாணி) பிக்கப். பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் ஆட்டத்தை மின் சிக்னலாக்கும் காந்தமும் காயிலும். பேட்டரி கிடையாது, முழுக்க பாஸிவ். இரண்டு வால்யூம், ஒரு டோன். வாசிப்பது பெரும்பாலும் மெல்லிசைக் கச்சேரி. கீபோர்டு இரண்டு, தபலா, டிரம்ஸ், பேட் எல்லாம் சேர்ந்திருக்கும். விரலால்தான் வாசிப்பேன், எப்போதாவது ஸ்லாப்.

பிரச்சினை இரண்டு. ஒன்று, வீட்டில் தனியாக வாசித்தால் தடிமனாக, நன்றாக இருக்கிறது. குழுவோடு சேர்ந்ததும் வெறும் குமுறலாகப் போய்விடுகிறது. ஈ ஸ்ட்ரிங்கில் எந்த நோட் வாசிக்கிறேன் என்றே வெளியே தெரிவதில்லை. இரண்டு, ஜே பிக்கப்பைத் திறந்தால் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது.

பிக்கப் மாற்றலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். மனதில் இருப்பவை: சீமோர் டங்கன் எஸ்.பி.பி-3 குவார்ட்டர் பவுண்ட், டிமார்சியோ மாடல் பி (டி.பி.122), இல்லையென்றால் பழைய பாணியில் சுற்றிய சாதாரண ஆல்னிகோ காந்தமுள்ள பி ஏதாவது ஒன்று. ஜே பிக்கப்பையும் சேர்த்து மாற்ற வேண்டுமா, பி மட்டும் போதுமா? மின்தடை (கிலோ ஓம்) கூடுதலாக உள்ளதை வாங்கினால் சத்தம் முன்னால் வரும் என்கிறார்களே, அது சரியா?

ஈயப்பற்று எழுதியது:

வாங்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் குமுறல் பிக்கப்பால்தான் வருகிறது என்று இன்னும் உறுதியாகவில்லை.

முதலில் உயரம். ஈ ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிப்பகுதிக்கும் போல் பீஸின் (பிக்கப்பில் ஸ்ட்ரிங்குக்கு நேர்கீழே இருக்கும் உலோகத் தண்டு) தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஜி பக்கமும் அப்படியே. பி பிக்கப்புக்கு ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2 முதல் 2.5 மி.மீ. என்று தொடங்குவது பாதுகாப்பான இடம். ஈ பக்கம் 1.5 மி.மீ. அளவுக்கு நெருங்கினால் இரண்டு தொல்லை. அடிச்சுரம் மற்ற ஸ்ட்ரிங்குகளைவிட மிஞ்சிக் கேட்கும். போல் பீஸே காந்தமாக இருந்தால் ஸ்ட்ரிங்கைப் பிடித்திழுக்கவும் செய்யும். 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேலே போகும்போது சுருதி அலைபாய்வதுபோல் கேட்டால் காரணம் இந்த இழுப்புதான். பலர் இதை இன்டோனேஷன் கோளாறு என்று நினைத்து சேடிலைத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

பி பிக்கப் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் நிற்பதில்லை, அடியில் ஒரு ஃபோம் துண்டின்மேல் நிற்கிறது. பல வருடம் ஆனால் அது நசுங்கி பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். திருகைத் தளர்த்தினாலும் பிக்கப் மேலே ஏறாது. 10 மி.மீ. தடிமனுள்ள புது ஃபோம் துண்டு வெட்டி வைத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது, ஸ்ட்ரிங். நிக்கல் ரவுண்டு வுண்டா, ஃபிளாட் வுண்டா, எத்தனை மாதம் ஆயிற்று? வியர்வை ஏறிய பழைய ஸ்ட்ரிங்கில் மேல் ஹார்மோனிக்குகள் செத்துவிடும். எந்த பிக்கப்பாலும் ஸ்ட்ரிங்கில் இல்லாததை எடுத்துத் தர முடியாது. புது செட் போட்டு ஒரு கச்சேரி கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது, கன்ட்ரோல் மூடியைத் திறந்து பாட்களின் (வால்யூம், டோனைத் திருகும் மாறும் மின்தடைகள்) முதுகில் என்ன எழுதியிருக்கிறது, கபாசிட்டரில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஏ (A) என்றால் திருகும்போது சத்தம் காதுக்குச் சீராக மாறும் ஆடியோ டேப்பர், பி (B) என்றால் மின்தடை சீராக மாறும் லீனியர். கபாசிட்டரில் 473 என்றால் 0.047 மைக்ரோஃபாரட், 223 என்றால் 0.022, 104 என்றால் 0.1. டோன் பாட்டுக்குப் போகும் கபாசிட்டரின் ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள். டோன் கன்ட்ரோலே இல்லாத நிலையில் உங்கள் பிக்கப் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போதும் மங்கலாக இருந்தால்தான் பிக்கப்மேல் சந்தேகப்பட வேண்டும்.

நான்காவதைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, கச்சேரி வாசிக்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம். மேடையில் பாஸ் எதில் செருகப்படுகிறது? பாஸிவ் பாஸுக்கு எதிரில் இருக்கும் உள்ளீட்டின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 1 மெகா ஓம் அளவில் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உள்ள பாஸிவ் டி.ஐ. பாக்ஸ் (பாஸை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) காட்டுவது சுமார் 100 முதல் 150 கிலோ ஓம்தான். மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால் 10, 20 கிலோ ஓம். அங்கேயே உங்கள் ட்ரெபிளும் மேல் மிட்டும் (நடுத்தர ஒலியின் மேல்பகுதி) கரைந்து, மிஞ்சுவது குமுறல். வீட்டு ஆம்பில் நன்றாகவும் கச்சேரியில் மோசமாகவும் கேட்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் ஒன்று உங்கள் பையிலேயே இருக்கட்டும். பிக்கப்பைவிட அதுதான் முதல் செலவு.

இவற்றைப் பார்த்து எண்களை இங்கே எழுதுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பிக்கப்களின் ரெசிஸ்டன்ஸும் வேண்டும். 20 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து, அந்தப் பிக்கப்பின் ஹாட் (சிக்னல்) வயரைப் பாட்டிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் பாட்டும் சேர்ந்து குறைத்துக் காட்டும்.

பருத்த தந்தி எழுதியது:

கிலோ ஓம் கேள்விக்கு மட்டும் முதலில் பதில். கூடுதல் ஓம் என்றால் சத்தம் முன்னால் வரும் என்பது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் தவறான பிக்கப்பை வாங்குகிறார்கள்.

மீட்டர் காட்டுவது செம்புக் கம்பியின் நேர் மின்தடை மட்டுமே. 42 கேஜ் கம்பியில் ஒரு பிக்கப், அதே எண்ணிக்கைச் சுற்றில் 43 கேஜில் இன்னொன்று என்று சுற்றினால், இரண்டாவது ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கம்பி மெலிது, அவ்வளவுதான். சுற்று கூடவில்லை, சத்தமும் அந்த அளவுக்குக் கூடாது. ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே வடிவம் என்றால்தான் ஓமை வைத்து ஒப்பிட முடியும். பழைய பாணி பி பிக்கப் இரண்டு பாதியும் சேர்ந்து 10 முதல் 11 கிலோ ஓம், ஜே 7 முதல் 7.5 கிலோ ஓம் என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

டோனைத் தீர்மானிப்பது இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு). சுற்று கூடினால் அது கூடும், போல் பீஸ் இரும்பாக இருந்தாலும் கூடும். காயிலும் கேபிளின் கபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் உச்சியை உண்டாக்குகின்றன. அந்த உச்சிக்கு மேலே உள்ளவை வேகமாகச் சரிந்துவிடும். கணக்காகவே பார்க்கலாம். காயில் 4 ஹென்றி என்றும், கேபிளும் மற்றவையும் சேர்ந்து 700 பிக்கோஃபாரட் என்றும் வைத்துக்கொண்டால் உச்சி 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். கேபிள் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்றால், இது ஆறு மீட்டர் கேபிள். அதையே பன்னிரண்டு மீட்டராக்கினால் உச்சி 2,200 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நீளமான கேபிள் வாங்கியதும் பாஸ் மந்தமாகிவிட்டது என்பவர்கள் சொல்வது கற்பனை இல்லை. காயிலில் சுற்றைக் கூட்டினாலும் இதேதான் நடக்கும்: மிட்டும் சத்தமும் கூடும், உச்சி கீழே இறங்கும், விரல் நுனி தொடும் அந்த 'டக்' குறையும்.

இனி நீங்கள் சொன்ன மூன்று.

குவார்ட்டர் பவுண்ட்: பெயரே கால் இன்ச் விட்டமுள்ள போல் பீஸைக் குறிக்கிறது. ஆல்னிகோ 5. அடியும் பெரிது, மேலும் பெரிது, சத்தமும் அதிகம். தனியாக வாசித்தால் வாங்கத் தூண்டும் ஒலி. ஆனால் உங்கள் குழுவில் அடியில் ஏற்கெனவே தபலாவின் பாயாவும், கிக்கும், கீபோர்டுக்காரரின் இடக்கையும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே இன்னும் அடியைக் கூட்டி என்ன கிடைக்கப்போகிறது? குமுறல் என்று புகார் சொல்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ராக் மூவர் குழு என்றால் பதில் வேறு.

மாடல் பி: செராமிக் காந்தம், அலன் கீயால் ஏற்றி இறக்கக்கூடிய போல் பீஸ். மிட் நன்றாக முன்னால் தள்ளும், கூட்டத்துக்கு நடுவில் கேட்கும். பழைய பி ஒலியின் அந்தத் திறந்த, மூச்சுவிடும் மேல்முனை இதில் குறைவு. ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனித்தனியாக உயரத்தைச் சரிசெய்யலாம் என்பது பெரிய வசதி. ஈ மட்டும் மிஞ்சுகிறது என்றால் ஈ போல் பீஸ்களை மட்டும் இறக்கலாம்.

பழைய பாணி ஆல்னிகோ 5: சீமோர் டங்கன் எஸ்.பி.பி-1 மாதிரி. சத்தம் நடுத்தரம். கீழ் மிட்டில் ஒரு மேடு, மேலே விரல் தாக்கு தெளிவு. உங்கள் வேலைக்கு என் முதல் தேர்வு இதுதான், மாடல் பி இரண்டாவது.

இன்னொன்று. பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடம்தான் ஒலியில் பாதி. நெக் பக்கம் போகப்போக ஸ்ட்ரிங் அகலமாக ஆடும், அடிச்சுரம் அதிகம். பிரிட்ஜை நெருங்க நெருங்க ஆட்டம் குறையும், ஹார்மோனிக் கூடும். மாற்றுப் பிக்கப் அதே குழியில்தான் உட்காரப்போகிறது. பி பிக்கப்பின் இரண்டு பாதியும் முன்பின்னாக இருப்பதால், ஈ-ஏ பாதி நெக்கை ஒட்டியும் டி-ஜி பாதி பிரிட்ஜை ஒட்டியும் கேட்கின்றன. ஈ தடித்தும் ஜி கூர்மையாகவும் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. 1957-இல் ஃபெண்டர் பிரசிஷன் பாஸுக்கு இந்த இரட்டைத் துண்டு வந்ததிலிருந்து அதே அமைப்புதான். 1960-இல் வந்த ஜாஸ் பாஸின் ஒலியோ, 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயின் ஒலியோ வேண்டுமென்று பி குழியில் எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் ஏமாற்றம்தான் கிடைக்கும். ஸ்டிங்ரே ஒலியில் ஹம்பக்கர் (ஹம் நீக்கும் இரட்டைக் காயில் பிக்கப்) இருக்கும் இடமும் உள்ளே இருக்கும் ப்ரீஆம்பும் சேர்ந்தே இருக்கின்றன. மோடவுன் இசை நிறுவனத்தின் பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பதிவுகளைக் கேட்டு 'அந்த பி பிக்கப் எது' என்று தேடுகிறவர்களுக்கும் இதேதான்: அவர் ஃபிளாட் வுண்ட் ஸ்ட்ரிங்கில் வாசித்தவர். நிக்கல் ரவுண்டு வுண்ட் போட்டுக்கொண்டு பிக்கப்பை மட்டும் மாற்றினால் அந்தப் பக்கமே போக முடியாது.

50ஹெர்ட்ஸ் எழுதியது:

ஹம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பி.ஜே. பாஸில் இதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

ஜாஸ் பாஸில் இரண்டு ஜே பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று, எதிர்க் காந்தம். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பி.ஜே.-யில் அந்த ஜோடி இல்லை. பி பிக்கப் தன் இரண்டு பாதிக்குள்ளேயே ஹம்மை அழித்துவிடுகிறது, ஜேயின் ஹம்மை அழிக்க அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே சாதாரண ஒற்றைக் காயில் ஜேயை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், அதைத் திறக்கும்போதெல்லாம் ஹம் வரும். பி.ஜே.-க்கு வாங்கும் ஜே ஹம் நீக்கும் வகையாகவே இருக்க வேண்டும்: மேலும் கீழுமாக இரு காயில் அடுக்கியது, அல்லது ஈ-ஏ, டி-ஜி என்று நீளவாக்கில் பிரித்தது. டிமார்சியோ மாடல் ஜே (டி.பி.123), சீமோர் டங்கன் எஸ்.டி.கே. வரிசை, ஃபெண்டர் நாய்ஸ்லெஸ் எல்லாம் இந்த ரகம். பி.ஜே. செட் என்று விற்பதிலும் ஜே ஒற்றைக் காயிலா என்று பார்த்தே வாங்குங்கள், இரண்டு விதமும் உண்டு.

அதற்கு முன் ஒரு சோதனை. ஜேயை மட்டும் திறந்து, பாஸைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் ஹம் கூடி இன்னொரு திசையில் குறைந்தால் அது காயில் வாங்கும் காந்த ஹம். ஷீல்டிங் அதைத் தடுக்காது. மாறாக, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைந்து கையை எடுத்தால் கூடுகிறது, ஒலியும் 'ம்ம்' என்றில்லாமல் 'ஸ்ஸ்ர்' என்று கரகரப்பாக இருக்கிறது என்றால் அது ஷீல்டிங் குறை. குழிக்குள் செப்புத் தகடு டேப் ஒட்டி கிரவுண்டோடு இணைத்தால் அது பெருமளவு அடங்கும். இரண்டும் கலந்து இருப்பதும் சகஜம்.

ஸ்ட்ரிங்கையும் மைக்கையும் சேர்த்துத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பிரிட்ஜ் கிரவுண்ட் வயரை வெட்டிவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஷாக் வருவது மண்டபத்தின் எர்த்திலோ ஆம்பின் மூன்றாவது பின்னிலோ உள்ள குறையால். அதைச் சரிசெய்யாமல் அந்த மேடையில் வாசிக்கவே கூடாது. ஹம் போவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் வேறு விஷயம், அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும். அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நாலு ஸ்ட்ரிங் எழுதியது:

மூவருக்கும் நன்றி. திறந்து அளந்துவிட்டேன்.

கடைசி ஃபிரெட்டில் அழுத்தினால் ஈ பக்கம் 1.5 மி.மீ., ஜி பக்கம் 4 மி.மீ. ஃபோம் கல்லாகியிருந்தது, மாற்றி 3 / 2.5 என்று வைத்துவிட்டேன். ஈ மிஞ்சுவது பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஸ்ட்ரிங்கும் புது நிக்கல் ரவுண்டு வுண்ட், 45-105.

பி பிக்கப் 7.4 கிலோ ஓம், ஜே 7.1. இரண்டின் அடியிலும் கறுப்பாக ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருக்கிறது, போல் பீஸ் வெறும் இரும்பு. பாட் மூன்றும் சின்ன சைஸ், பி500கே (B500K). கபாசிட்டர் 104. சுற்றிப் பார்த்ததில் ஜேயின் ஹம் திசைக்குத் திசை மாறுகிறது. டி.ஐ. பாக்ஸைப் பற்றி விசாரித்தேன், பல இடங்களில் பாஸிவ்தான் வைக்கிறார்களாம், ஆக்டிவ் ஒன்று வாங்குகிறேன்.

இதற்குப் பிறகும் விரல் தாக்கு போதவில்லை, நோட்டின் முன்பகுதி மழுங்கியே இருக்கிறது. ஆகவே எஸ்.பி.பி-1 மாதிரி ஒரு பியும், ஹம் நீக்கும் ஜேயும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். வெவ்வேறு கம்பெனியாக இருந்தால் பரவாயில்லையா? ஜே வாங்கும்போது நீளம் பார்க்க வேண்டுமா? பாட்களையும் மாற்ற வேண்டுமா?

பருத்த தந்தி எழுதியது:

அடியில் பட்டை செராமிக், நடுவில் இரும்பு என்றால் அந்த பிக்கப்பை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அதிலிருந்து ஆல்னிகோ தண்டுகளே போல் பீஸாக உள்ள பிக்கப்புக்குப் போனால், ஒரு ஆல்னிகோவிலிருந்து இன்னொரு ஆல்னிகோவுக்குப் போவதைவிடப் பெரிய வித்தியாசம் காதில் விழும். செராமிக் என்றாலே மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மாடல் பியும் செராமிக்தான். காந்தம், இரும்பு, சுற்று மூன்றையும் சேர்த்து எப்படித் திட்டமிட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஜே நீளம் கட்டாயம் பாருங்கள். ஃபெண்டர் அளவில் நெக் ஜே சுமார் 92 மி.மீ., பிரிட்ஜ் ஜே சுமார் 95 மி.மீ. ஆனால் இரண்டு இடத்திலும் குட்டை அளவையே வைக்கும் பாஸ்கள் நிறைய உண்டு. உங்கள் ஜேயைக் கழற்றி, திருகு போடும் காதுகளை விட்டுவிட்டு உடலின் நீளத்தை அளந்து, குழியையும் அளந்துகொள்ளுங்கள். 92-க்கு வெட்டிய குழிக்குள் 95-ஐ அமுக்கினால் கவர் விரியும் அல்லது பெயின்ட் பெயரும். எதிர்மாறாக வாங்கினால் பக்கத்தில் இடைவெளி தெரியும், ஒலிக்கு ஒன்றும் ஆகாது.

சத்தச் சமநிலை: பிரிட்ஜ் பக்கம் ஸ்ட்ரிங் ஆட்டம் குறைவு என்பதால் ஜே எப்போதும் மெலிந்தே கேட்கும். மிக உரத்த பியையும் மென்மையான ஜேயையும் ஜோடி சேர்த்தால் ஜே இருப்பதே தெரியாது. எஸ்.பி.பி-1 அளவிலான பி என்றால், ஜே சற்று ஓங்கிய ஹம் நீக்கியாக இருப்பது நல்லது. ஜேயை ஈ பக்கம் 2.5, ஜி பக்கம் 2 மி.மீ. வரை ஏற்றி, பியைக் கொஞ்சம் இறக்கிச் சமன் செய்யுங்கள்.

ஒரு வாசிப்பு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. பி, ஜே இரண்டையும் முழுதாகத் திறந்தால் மிட் குழிந்துவிடும். இரு இடங்களிலிருந்து வரும் ஒலிகள் சேரும்போது நடுவில் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தனியாகக் கேட்க இனிமை, ஸ்லாப்புக்கும் பொருத்தம், ஆனால் குழுவில் காணாமல் போகும். விரல் வாசிப்புக்குப் பியை முழுதாகவும் ஜேயை பாதிக்குச் சற்று மேலேயும் வைத்துக் கேளுங்கள். நீங்கள் இதுவரை இரண்டையும் முழுதாகத் திறந்தே வாசித்திருந்தால், 'குழுவில் கரைகிறது' என்பதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும்.

50ஹெர்ட்ஸ் எழுதியது:

வெவ்வேறு கம்பெனி என்றால் ஃபேஸ் (சிக்னலின் திசை) பார்க்காமல் மூடாதீர்கள். ஒன்று நேராகவும் இன்னொன்று எதிராகவும் இருந்தால், இரண்டையும் திறந்த உடனே அடி முழுக்கப் போய், மூக்கடைத்த மாதிரி ஒலி வரும். தனித்தனியாக இரண்டும் நன்றாக இருக்கும், சேர்த்தால்தான் கெடும். புது பிக்கப் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

சால்டர் வைக்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். டிஜிட்டல் மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து சிவப்பு முனையைப் பிக்கப்பின் ஹாட் வயரிலும் கறுப்பை கிரவுண்டிலும் பிடியுங்கள். ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரின் பட்டைப் பக்கத்தைப் போல் பீஸ்மேல் வைத்து, 'சட்'டென்று இழுத்து எடுங்கள். எடுக்கும் கணத்தில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு பிக்கப்பிலும் ஒரே திசையில் போக வேண்டும். பி பிக்கப்பில் இரண்டு பாதியையும் தனித்தனியாகச் சோதியுங்கள், இரண்டும் ஒரே திசையில் போனால்தான் பாதிகள் சரியாக இணைந்திருக்கின்றன. ஒரு பாதி தலைகீழாக இருந்தால் ஒற்றை நோட்டில் எதுவும் தெரியாது, ஏனெனில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் ஒரு பாதிமேல் மட்டுமே ஓடுகிறது. ஆனால் ஹம் அழியாமல் நிற்கும். பாதிகளைத் தவறுதலாகப் பேரலல் செய்துவிட்டால் 10 கிலோ ஓம் காட்ட வேண்டிய பிக்கப் 2.5 காட்டும், சத்தமும் பாதியாகும்.

ஃபேஸ் எதிராக இருந்தால் ஒரு பிக்கப்பின் ஹாட்டையும் கிரவுண்டையும் மாற்றிப் போட்டால் போதும். இரண்டு வயருள்ள பியில் இதைச் செய்வது எளிது. ஷீல்டு வயர் கிரவுண்டோடு சேர்ந்தே வரும் பிக்கப்பில் மாற்றினால் ஷீல்டே ஹாட் ஆகி இரைச்சலை இழுக்கும், அதில் கை வைக்காதீர்கள், மற்றதில் மாற்றுங்கள். நான்கு வயர் பிக்கப்பில் வெறும் ஷீல்டு எப்போதும் கிரவுண்டில்தான். நிறங்களில் ஒரு பொறி இருக்கிறது: டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்ற வேண்டும். சீமோர் டங்கனில் கறுப்புதான் ஹாட், பச்சை கிரவுண்ட், சேர்ப்பது சிவப்பையும் வெள்ளையையும். ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றுக்கு வைத்தால் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும், அல்லது ஒன்றுமே வராது.

ஈயப்பற்று எழுதியது:

பாட் பற்றி. இப்போது இருக்கும் 500 கிலோ ஓம் மூன்றும் திறந்த நிலையில் பிக்கப்புக்கு ஏறக்குறைய 167 கிலோ ஓம் சுமை. 250 என்றால் 83. ஆல்னிகோ பி வந்தபின் 500-இல் ஃபிரெட் உரசலும் விரல் சறுக்கலும் கூர்மையாகக் கேட்கலாம். பழைய பி, ஜாஸ் பாஸ்களில் இருப்பது 250. என் யோசனை: முதலில் இருக்கும் பாட்டோடே பிக்கப்பை மட்டும் மாற்றிக் கேளுங்கள். உங்களுக்குத் தாக்கு போதவில்லை என்பதுதானே குறை, 500 அதற்கு உதவவே செய்யும். கரகரவென்று மிஞ்சினால் மட்டும் ஏ250கே போடுங்கள். இப்போது இருப்பவை லீனியர் என்பதால் வால்யூம் கடைசிப் பகுதியில் ஒன்றும் நடக்காமல், கீழே வந்து ஒரேயடியாக விழும். அது எரிச்சலாக இருந்தாலும் மாற்றலாம்.

கபாசிட்டரை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள். 104-இல் டோனைக் கொஞ்சம் இறக்கினாலே கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும். 473 பாலியெஸ்டர் கபாசிட்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பாஸில் வரும் வோல்டேஜ் மிகச் சிறியது, எந்த வோல்ட் மதிப்பு போட்டதும் சரிதான். 'வின்டேஜ்' என்று விலை ஏற்றி விற்பதை வாங்க வேண்டியதில்லை, மதிப்பு ஒன்றானால் ஒலியும் ஒன்றுதான்.

பெரிய சைஸ் பாட் வாங்குவதாக இருந்தால் அதன் கழுத்து 9.5 மி.மீ. சின்ன பாட்டுக்குப் போட்ட துளை 7, 8 மி.மீ. தான் இருக்கும். ட்ரில் பிட்டை அப்படியே இறக்கினால் பிக்கார்ட் விரிசல் விடும். ரீமரால் சுற்றிச் சுற்றி அகலப்படுத்துங்கள். நாபும் பார்க்க வேண்டும்: பல்லுள்ள தண்டில் 18 பல், 24 பல் என்று இருவகை, ஒன்றின் நாப் மற்றதில் ஏறாது.

வயரிங்கில் ஒரு இடம் கவனம். இரண்டு வால்யூம் உள்ள பாஸில் பிக்கப்பின் ஹாட் வயர் பாட்டின் நடுக்காலுக்குப் போக வேண்டும், வெளியே போகும் வயர் ஓரக்காலிலிருந்து. இதை மாற்றி வைத்துவிட்டால் ஒரு பிக்கப்பின் வால்யூமை முழுக்க மூடியதும் இரண்டுமே ஊமையாகிவிடும். கழற்றும் முன் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சால்டர்: 60/40 லெட், உள்ளே ரோசின் உள்ளது. பைப் வேலைக்கு விற்கும் அமில ஃபிளக்ஸ் வேண்டாம், சில மாதத்தில் பச்சை பூத்து வயரைத் தின்றுவிடும். பாட்டின் முதுகில் கிரவுண்ட் வைக்கத்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 25 வாட் அயர்னில் சூடு போதாது, நீண்ட நேரம் வைத்துக்கொண்டே இருந்தால் லெட் உருகாமல் உள்ளே இருக்கும் கார்பன் தடம்தான் கெடும். 40 முதல் 60 வாட், பட்டையான முனை. பாட் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, முதலில் அங்கே கொஞ்சம் லெட்டைப் படரவிட்டு, வயர் முனையிலும் லெட் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து மூன்று நொடி. ஆறும்வரை வயர் அசையக் கூடாது. மங்கலாகச் சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றால் அது பிடிக்கவில்லை, திரும்ப வையுங்கள்.

குழியில் செப்பு டேப் ஒட்டினால், ஜே பிக்கப்பின் அடியில் தெரியும் ஹாட் ஐலெட் (வயர் பற்றவைத்த உலோக வளையம்) அதில் படாமல் பார்க்க வேண்டும். திறந்து வைத்துச் சோதிக்கும்போது ஒலி வரும், திருகி இறுக்கியதும் செத்துவிடும். அப்படி நடந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் காரணம். பிக்கப்பின் அடியில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு இறக்குங்கள். மூடும் முன் ஜாக்கின் கிரவுண்டுக்கும் பிரிட்ஜுக்கும், ஜாக்கின் கிரவுண்டுக்கும் டேப்புக்கும் கன்டினியூட்டி பாருங்கள், சில ஓமுக்குள் இருக்க வேண்டும்.

நாலு ஸ்ட்ரிங் எழுதியது:

கடைசியாக ஒன்று. பேட்டரி போடும் ஈ.எம்.ஜி. பி.ஜே. செட் எடுத்தால் ஹம் பிரச்சினையும் பாஸிவ் டி.ஐ. பிரச்சினையும் ஒரேயடியாகத் தீருமே என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

50ஹெர்ட்ஸ் எழுதியது:

இரண்டும் தீரும், உண்மைதான். பிக்கப்புக்குள்ளேயே ஆம்ப் இருப்பதால் நீளக் கேபிளும் பாஸிவ் டி.ஐ.யும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஒலி சீராக, சுத்தமாக வரும். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி குழைவது வேண்டும் என்பவர்களுக்கு அது கொஞ்சம் இறுக்கமாகப் படலாம், கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் பாட்கள் 25 கிலோ ஓமாக மாற வேண்டும். உங்கள் 500-ஐ அப்படியே விட்டால் வால்யூம் ஸ்விட்ச் மாதிரி ஆன்-ஆஃப் ஆகும். ஜாக்கும் ஸ்டீரியோ வகை: கேபிளைச் செருகினால் பேட்டரி வேலை செய்யும், கச்சேரி முடிந்தும் கேபிளைச் செருகியே வைத்தால் இறங்கிக்கொண்டே இருக்கும். 9 வோல்ட் பேட்டரிக்கு உங்கள் குழியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பி.ஜே. பாஸ்களில் பிக்கார்டுக்கு அடியில் பல சமயம் இருக்காது. மரம் குடைய வேண்டி வந்தால் நான் பாஸிவ் செட்டும் ஆக்டிவ் டி.ஐ.யும் என்றே போவேன். பிடிக்காவிட்டால் பழைய பிக்கப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், குடைந்த மரம் திரும்ப வராது.